ஒரு நாள் முன்னால் படித்த தட்டு

ஒரு பெண்ணின் இடது கண் போனதற்கு நான் காரணம்.

'காரணமாக இருக்கலாம்' என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அந்த 'இருக்கலாம்' இத்தனை காலம் என்னைக் காப்பாற்றிவந்தது. இனி அதற்குச் சோறு போடுவதாக இல்லை.

என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். "பாபு எழுதிகீறானா? கடைசில இன்னா காமெடி வச்சிகீறான் பாரு" என்று நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிடுகிறவனைச் சிரிக்கவைத்துப் புரையேற்றுகிறவன் நான். சாவு வீட்டிலும் மூலையில் நாலு பேரைச் சேர்த்துச் சிரிக்கவைத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். என் உருவமும் ஒத்துழைக்கிறது. தலையில் முடி இல்லை. வயிறு எனக்கு முன்னால் பேருந்தில் ஏறி இடம் பிடித்துவிடும்.

நீங்கள் சிரிக்காதீர்கள். கோபத்தில் எழுதுகிறேன். யார்மேல் என்கிறீர்களா? படியுங்கள், தெரியும்... உங்கள்மேலும் கொஞ்சம் உண்டு.

நான் உத்திரமேரூர்க்காரன். காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். தப்புச் செய்தது கட்டடம் அல்ல. அங்கே பூஞ்சைக்கென்று தனியாக ஓர் அறை உண்டு. அந்த அறையின் டெக்னீஷியன் நான். பூஞ்சை என்றால், பழைய ரொட்டியிலும் மழைக்காலத்துச் சுவரிலும் பார்த்து நீங்கள் முகம் சுளிக்கிறீர்களே, அந்த இனம்தான். அதில் சில மனித உடம்பிலும் குடியேறிவிடும். தோலில், மூக்கில், நுரையீரலில்... கண்ணில்.

எந்த மருந்துக்கு அது அடங்கும், எதற்கு அடங்காது என்று சோதித்துச் சொல்வது என் பிழைப்பு. எப்படிச் சோதிப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் என் குற்றத்தின் அளவு உங்களுக்குப் புரியாது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பணியாரச் சட்டியைச் சுருக்கினாற்போல அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். முதல் குழியில் மருந்து நிறைய. அடுத்ததில் அதில் பாதி. அதற்கடுத்ததில் அதிலும் பாதி... இப்படியே குறைந்துகொண்டு போய், கடைசிக் குழியில் மருந்தே கிடையாது. நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த பூஞ்சையின் வித்துக்களை எல்லாக் குழியிலும் சம அளவில் விட்டு, இளஞ்சூடான பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும்.

பிறகு? பொறுத்திருக்க வேண்டும். முழு வித்தையும் அதுதான்! நான் சொல்லப்போகும் பூஞ்சைக்கு முழுதாக இரண்டு நாள்.

மருந்தில்லாத குழியில் பூஞ்சை பஞ்சுத் துணுக்குப்போல் நன்றாக வளர்ந்து நிற்க வேண்டும். அது நின்ற பிறகே மற்ற குழிகளைப் பார்க்கலாம். மருந்துள்ள குழிகளில் வளராமல் இருந்தால், மருந்து கேட்கிறது என்று பொருள். மருந்தில்லாத குழியிலேயே சரியாக வளராதபோது மற்றதைப் பார்ப்பது எப்படி என்றால், மதுக்கடை திறப்பதற்கு முன்னால் போய் நின்று 'இந்த ஊரில் குடிகாரனே இல்லை' என்று சான்றிதழ் கொடுப்பதைப் போல.

இந்த உதாரணம் என்னுடையது. புதிதாக வரும் மாணவிகளுக்கு நான்தான் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாடம் சொன்ன வாய்க்கே பாடம் ஏறவில்லை பாருங்கள்!

எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நோய் என்ன என்று யோசிப்பதற்கு முன்னால் 'உள்ள நம்ம ஆளு யாரு கீறாங்க' என்று யோசிப்பார்கள். அந்த 'உள்ளே இருக்கிற ஆள்' நான். டீ குடிக்க வெளியே வந்தால் யாராவது காத்திருப்பார்கள். ரத்தம், சிறுநீர், என் அறைக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்கேன்... எல்லாவற்றுக்கும் போய் ஒரு வார்த்தை சொல்லி வைப்பேன். சாயங்காலம் வரவேண்டிய ரிப்போர்ட் மத்தியானமே வந்துவிடும். 'எக்ஸ்பிரஸ் பாபு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே என் வயிறு இன்னும் ஓர் அங்குலம் முன்னால் வரும். அரை டாக்டர் என்ற நினைப்பு எனக்கு!

உங்கள் செல்போனிலும் ஓர் 'உள்ளே இருக்கிற ஆளின்' எண் இருக்கிறது, அல்லவா? இருக்கட்டும். உங்களிடம் அப்புறம் வருகிறேன்.

தேவராஜ் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஏரியை ஒட்டிய காலனியில் வீடு. சொந்த நிலம் கிடையாது. நடவு, கரும்பு வெட்டு, கட்டட வேலை, எது கிடைக்கிறதோ அதற்குப் போவான். அவன் மனைவி எஸ்தரும் உடன் போவாள். அவள் என்னை 'அண்ணா' என்பாள். அந்த வழியில் தேவராஜுக்கு நான் மச்சான். என் கேலிக்குப் பதில் கேலி செய்கிற ஒரே பெண்பிள்ளை அவள்தான். "துண்டப் போட்டுக்கோண்ணா, ஒன் மண்டைல வெய்யிலு பட்டு எங்க வூட்டு ஆடெல்லாம் மெரளுது" என்பாள். நான் வாயடைத்துப் போவது அவளிடம் மட்டும்தான்.

கரும்பில் சோகை உரிக்கும்போது ஒரு காய்ந்த இலை அவள் இடது கண்ணைக் கிழித்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போயிருக்கிறாள். அந்த மருந்து வலியைத் தணித்தது; கூடவே பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுத்தது. கருவிழியில் வெள்ளை விழுந்து, பரவி, கண்ணைத் திறக்க முடியாமல் ஆனபிறகுதான் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

கண் டாக்டர் அம்மா நல்லவர். வந்த அன்றே கருவிழியைச் சுரண்டி எங்களுக்கு அனுப்பினார். நாட்டமைசின் என்ற சொட்டு மருந்தைத் தொடங்கினார். எங்கள் மருந்தகத்தில் அதற்குச் செல்லப் பெயர் 'நாட்டாமை'. இந்த நாட்டாமையின் தீர்ப்பைப் பூஞ்சை மதிக்கவில்லை. வெள்ளை பரவிக்கொண்டே போயிற்று. எங்கள் அறையில் வளர்ந்து வந்தது ஃபியூசேரியம். மண்ணிலும் பயிரிலும் வாழ்கிற பூஞ்சை, மகா பிடிவாதக்காரன்.

அப்போது டாக்டர் அம்மா தேவராஜிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"வோரிகோனசோல்னு இன்னொரு மருந்து இருக்குப்பா. கருவிழிக்குள்ளயே ஊசியா போடலாம். இந்தப் பூஞ்சைக்கு அது கேக்குமான்னு லேப்ல சொல்லட்டும். கேக்கும்னா இங்கயே போட்டுப் பாப்போம். கேக்காதுன்னா ஒரு நாள்கூட வெச்சிருக்க முடியாது. சென்னைக்குப் போய் கருவிழிய மாத்திடணும்."

கேட்கும், அல்லது கேட்காது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லில் ஒரு கண்!

தட்டைத் தயார்செய்து பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் மத்தியானம் டீக்கடை வாசலில் தேவராஜ் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், இன்னா ஆச்சு ரிப்போர்ட்டு?"

"நாளைக்குடா. ரெண்டு நாளு ஆவும்."

"நாளைக்கா? ராவெல்லாம் கத்திக்கினு கீறாடா அவ. கண்ணு வெடிச்சிடும் போல கீதாம். நீ உள்ள குந்திக்கினு நாளைக்குன்ற. ஊருக்கெல்லாம் எக்ஸ்பிரஸ்ஸு, ஒன் தங்கச்சிக்கு மட்டும் மாட்டு வண்டியா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு! அது என்னுடைய சொத்து. நான் வாங்கவேண்டியதை எனக்கெதிராக இன்னொருவன் வாங்கிவிட்டான். எஸ்தரின் வலியைக் கேட்டு மனம் இளகி உள்ளே போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது... பொய். அந்தச் சிரிப்பு சுட்டுத்தான் போனேன்.

தட்டை எடுத்து, அடியில் கண்ணாடி பொருத்திய சின்ன மேடைமேல் வைத்துக் குனிந்தேன். மருந்தில்லாத குழியில் ஏதோ மங்கலாக... வளர்ச்சியா? என் மூச்சுப்பட்ட ஆவியா? மற்ற குழிகள் எல்லாம் பளிங்காக இருந்தன.

மூடி உள்ளே வைத்துவிட்டு நாளை வரவேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரியாமல் செய்தேன் என்று ஒரு வரிகூட நீங்கள் இங்கே படிக்கப்போவதில்லை.

"வளந்துட்ச்சு" என்றேன். தட்டிடம்தான் சொன்னேன். தட்டு மறுத்துப் பேசவில்லை.

எங்கள் ஆய்வகத் தலைவர் மேடம் ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மருந்து இல்லாத குழியில நல்லா வளர்ந்திருக்கா பாபு?"

"ஜம்முனு வளந்துகீது மேடம். நம்ம ஊருப் பூஞ்சை, எக்ஸ்பிரஸ்ல வந்துட்ச்சு."

சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். தட்டை அவர் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், போதும் என்றிருந்துவிட்டார்.

வோரிகோனசோல் கேட்கும் என்று ரிப்போர்ட் போயிற்று. "சென்னைக்குப் போவ வாணாமாண்டீ!" என்று கத்திக்கொண்டே தேவராஜ் வார்டுக்குப் படியேறி ஓடினான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அன்று டீக்கடையில் எல்லாச் சிரிப்பும் மறுபடி என் பக்கம்.

இதுவரை சொன்னதை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அவசரம், வெட்டிப் பெருமை, முட்டாள்தனம் என்று ஏதாவது பெயர் வைப்பீர்கள். உங்கள் மன்னிப்பை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லவேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

அந்தத் தட்டை நான் தூக்கி எறியவில்லை. திரும்பவும் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன்? வேலை முடியவில்லை என்று என் கைக்குத் தெரிந்திருந்ததே, அதற்கு!

மறுநாள் காலை எடுத்துப் பார்த்தேன்.

எல்லாக் குழியிலும் பஞ்சு. மருந்து நிறைந்த முதல் குழியிலிருந்து மருந்தே இல்லாத கடைசிக் குழிவரை ஒரே மாதிரி, வெள்ளை வெளேரென்று பூத்து... வோரிகோனசோல் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாததைப் போல வளர்ந்து நின்றது.

கேட்காது!

கண் வார்டு எங்களுக்கு மேல்மாடியில் இருந்தது. ஏறிப்போய் 'நேற்றுக் கொடுத்தது தப்பு' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றே அவளைச் சென்னைக்கு ஏற்றியிருப்பார்கள். எனக்கு என்ன ஆகியிருக்கும்? ஒரு மெமோ வந்திருக்கும். மேடம் திட்டியிருப்பார். டீக்கடையில் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பார்கள். அவ்வளவுதானே! தூக்கிலா போட்டிருப்பார்கள்? ஒரு மெமோவுக்குப் பயந்து ஒரு கண்ணைக் கொடுத்தவன் நான்... அதுவும் என்னுடைய கண்ணை அல்ல.

தட்டைக் கழிவுப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். நீராவியில் கிருமி நீக்கும் கலத்துக்குள் தள்ளி மூடியைத் திருகினேன். அழுத்தம் ஏறும்வரை பக்கத்திலேயே நின்றேன். வேறெந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காக நான் செய்ததில்லை.

"அந்தக் கண் தட்டு எங்க பாபு? ஸ்டூடன்ட்ஸுக்குக் காட்டலாம்னு பார்த்தேன்" என்று மேடம் கேட்டார்.

"அது நேத்தே போயிட்ச்சு மேடம். எக்ஸ்பிரஸ்ஸு சின்ன ஸ்டேஷன்ல நிக்காது."

மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே ஓங்கி அறையவேண்டும் போலிருக்கிறது. போலிருக்கிறது என்று எழுதுகிறேனே தவிர, ஒரு தடவையாவது அறைந்தேனா?

மேலே அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் போய்ப் பார்த்தேன். ஆமாம், போனேன்! கண்ணில் கட்டோடு படுத்திருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிச் சிரிக்கவைத்தேன். "சிரிக்க வெக்காதண்ணா, கண்ணு இஸ்துக்கினு வலிக்குது" என்று ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் படியேறுவேன். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று ஒவ்வொரு நாளும் இறங்குவேன். ஒரு நாள் தள்ளினால் மறுநாள் இன்னும் கனத்தது. கடைசியில் தூக்கவே முடியாத கனமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கிப் பார்த்தால்தானே தெரியும்?

ஒரு காலையில் அவளுக்கு இருமல் வந்திருக்கிறது. அந்த அதிர்வில், அரித்துப்போயிருந்த கருவிழி உடைந்துவிட்டது. பூஞ்சை ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தது. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் அம்மா தேவராஜின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "தட்டுல கேக்கிற மருந்து சில சமயம் கண்ணுல கேக்காதுப்பா. யார்மேலயும் தப்பில்ல."

உண்மைதான். ஆய்வகத்தில் சாகிற பூஞ்சை உடம்பில் சாகாமல் போவதுண்டு. சென்னைக்குப் போயிருந்தாலும் கண் தங்கியிருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. எனக்கு வேறென்ன வேண்டும்? அந்த இடுக்குக்குள் எலியைப்போல் புகுந்துகொண்டேன். அந்த நல்ல பெண்மணி, தனக்கே தெரியாமல், என் பொய்க்குக் காவல் நின்றார். அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. தட்டில் அது கேட்கவே இல்லையே அம்மா... தட்டில் கேட்கவே இல்லையே!

எங்கள் ஊர்க் கோயில் சுவரில், கணக்குக் காட்டாதவன் பொறுப்புக்கு வரக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் தினமும் பேருந்துக்குப் போகிறேன். எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். சீனியர் டெக்னீஷியன்! மாலை போட்டுக் கேக் வெட்டினார்கள். கேக்கின் ஓரத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடச் சொன்னேன், நல்ல கைதட்டல்.

எஸ்தரைக் கரும்பு வெட்டுக்கு மேஸ்திரி கூப்பிடுவதில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் கத்தியைக் காலில் போட்டுக்கொள்வாள் என்கிறான். நூறு நாள் வேலைக்குப் போகிறாள். டீ ஊற்றும்போது தம்ளரின் விளிம்பை ஒரு விரலால் தொட்டு வைத்துக்கொண்டுதான் ஊற்றுகிறாள். கொதிக்கிற டீ அந்த விரலில் படுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வாங்கிக் குடித்துமிருக்கிறேன்.

உங்களிடம் வருகிறேன் என்றேன் அல்லவா? 'சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று எங்களை நச்சரித்தே கெடுத்தீர்கள், இந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்குண்டு என்று ஒரு பத்தி யோசித்து வைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. வலியில் கத்துகிற மனைவியை விட்டுவிட்டு வந்தவன் கேட்காமல் என்ன செய்வான்? கேட்பது அவன் உரிமை. முடியாது என்று சொல்வதற்கு ஒருத்தனை உள்ளே உட்கார்த்தியிருந்தார்கள். அவன் சொல்லவில்லை. உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை... போங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். எஸ்தர் சர்ச்சிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"எங்க சித்தப்பா மவனுக்குக் காலெல்லாம் படை மச்சான். தோலு டாக்டரு பூஞ்சை டெஸ்ட்டு எழுதிக் குட்த்துகீறாரு. ஒன்னாண்ட அனுப்பறேன்னு சொல்லிட்டேன். சட்டுனு முட்ச்சிக் குடு, பேஜார் பண்ணாத" என்றான் தேவராஜ்.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"என்னாண்ட அனுப்பாதடா! எஸ்தரு தட்ட நான் ஒரு நாளு முன்னாடியே பாத்தேன்டா. ஒண்ணுமே வளரல அதுல. வளந்துட்ச்சுன்னு பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்!"

கத்தத்தான் நினைத்தேன். இத்தனை வருடப் பழக்கம், குரல் அந்தக் கல்யாண வீட்டு ராகத்திலேயே வந்தது. தேவராஜ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஆமாண்டா, ஒன் எக்ஸ்பிரஸ்லதான் அவ கண்ணு டிக்கெட்டு வாங்கினு பூட்ச்சு! எதுல வெளாடறதுன்னு இல்ல இவனுக்கு. கேட்டியாடீ எஸ்தரு?"

எஸ்தர் சிரிக்கவில்லை. இடது பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்க அவள் முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினாள்.

"மறுநாளு பாத்தியாண்ணா?"

"இன்னாம்மா?"

"ரெண்டு நாளு ஆவும்னு சொன்னியாமே. மறுநாளு அத்த எட்த்துப் பாத்தியா?"

தேவராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எந்தக் கேள்விக்குப் பயந்து வருடக்கணக்காய் வாயை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தேனோ, அதை அவள் கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள். 'உம்' என்றால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும்...

"இல்லம்மா. அதான் முடிஞ்சிபோச்சேன்னு அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

தலையை மறுபடி முன்னால் திருப்பிக்கொண்டாள். பிறகு கீரையை உருவத் தொடங்கினாள்.

"அதானே. பாத்திருந்தா வந்து சொல்லியிருப்ப நீ."

"சொல்லியிருப்பேம்மா" என்றேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.